கிருமி படுக்கை மாறும் வழி: மருந்துக்கு அடங்காத தொற்றுகளும் நம் மருத்துவமனைகளும்

2011 ஜூன் மாதத்தில் நியூயார்க்கின் ஒரு மருத்துவமனையிலிருந்து நோயாளி ஒருவர், பெதஸ்டாவில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நடத்தும் மருத்துவ மையத்துக்கு மாற்றப்பட்டார். அவர் உடலில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா இருந்தது. கடைசிக் காப்பாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கார்பாபெனெம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் அது அடங்கவில்லை. வரும்போதே இது தெரிந்திருந்ததால் அவரைத் தனிமைப்படுத்தினார்கள். உள்ளே போனவர்கள் கையுறையும் மேலங்கியும் அணிந்தே போனார்கள். ஜூலை நடுவில் அவர் மருத்துவமனையை விட்டுச் சென்றார். கிருமி யாரையும் தொற்றவில்லை என்றே அப்போது தோன்றியது.

மூன்று வாரம் கழித்து வேறொரு நோயாளியிடம் அதே கிருமி தென்பட்டது. அதன்பிறகு ஏறத்தாழ வாரத்துக்கு ஒருவர். முதல் நோயாளியோடு சேர்த்து மொத்தம் 18 பேரிடம் அது காணப்பட்டது, அவர்களில் 11 பேர் இறந்தார்கள். ஆறு மரணங்களுக்கு இந்தத் தொற்றே நேரடிக் காரணம் என்று மருத்துவர்கள் கணித்தார்கள்.

நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளின் மரபணுத்தொகுதி முழுவதையும் அங்கிருந்த ஆய்வாளர்கள் எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்டார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வு, முதல் நோயாளியிடமிருந்தே தனித்தனியாக மூன்று முறை கிருமி வெளியே போயிருக்கிறது என்று காட்டியது. இடைப்பட்ட வாரங்களில் அது எங்கே இருந்தது என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்தது. நோய்க்குறி எதுவும் இல்லாமல் சிலர் அதை உடலில் சுமந்திருந்தார்கள். கைகழுவும் தொட்டிகளின் வடிகுழாய்களில் அது இருந்தது. சுத்தம் செய்து வைத்திருந்த ஒரு வென்டிலேட்டரிலும் இருந்தது. மருத்துவமனை புதிதாகச் சுவர் எழுப்பித் தனி வார்டு அமைத்தது, அறைகளை ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் சுத்தம் செய்தது, வடிகுழாய்களைப் பெயர்த்தெடுத்தது, அறிகுறி இல்லாதவர்களையும் சோதித்தது, உள்ளே போகிற ஒவ்வொருவரும் கை கழுவுகிறாரா என்று பார்ப்பதற்கே ஆள் நிறுத்தியது. அதற்குப் பிறகே பரவல் அடங்கியது.

பணத்துக்கும் ஆட்களுக்கும் குறைவில்லாத இடத்தில் நடந்தது இது. ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்றதும் நம் ஊரில் பேச்சு மருந்துக்கடையில் தொடங்கி மருந்துக்கடையிலேயே முடிந்துவிடுகிறது: சீட்டில்லாமல் மாத்திரை வாங்குகிறவர்கள், பாதியில் நிறுத்துகிறவர்கள், சளிக்கும் ஆன்டிபயாடிக் கேட்கிறவர்கள். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் ஐ.சி.யு.வில் உயிரைப் பறிக்கும் தொற்றின் கதையில் இது பாதியே. மீதிப் பாதி மருத்துவமனைக்குள் நடக்கிறது. ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குக் கிருமி தானாக நகர்வதில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மருத்துவமனையின் அன்றாட வேலைமுறை. எனவே அதைத் தடுக்கும் ஆற்றலும் அந்த வேலைமுறையில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கிருமி எதிர்ப்பைப் பெறும் விதம்

பெனிசிலின் பொதுப் பயன்பாட்டுக்கு வரும் முன்பே, 1940இல், ஆக்ஸ்போர்டில் எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் அதைச் சிதைக்கும் நொதியம் ஒன்றை பாக்டீரியாவில் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று எதிர்க்கக் காலங்காலமாக வைத்திருக்கும் கருவிகளைத்தான் நாம் ஆன்டிபயாடிக்குகளாக எடுத்துக்கொண்டோம். அவற்றுக்கு மாற்றுக்கருவிகளும் அதே மண்ணில் ஏற்கெனவே இருந்தன. மருந்து எதிர்ப்பைப் புதிதாகப் படைப்பதில்லை; மருந்துக்கு அடங்கும் கிருமிகளை அழித்து, அடங்காதவற்றுக்கு இடம் விடுகிறது.

அடுத்தடுத்து வந்த மருந்துகளின் வரலாறும் இதுவே. மெத்திசிலின் 1959இல் வந்தது. 1961இல் பிரிட்டனில் அதற்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் (எம்.ஆர்.எஸ்.ஏ.) பதிவானது. கார்பாபெனெம் வகையின் முதல் மருந்தான இமிபெனெம் 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1996இல் வட கரோலினாவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வைத்த கிளெப்சியெல்லாவில் அதைச் சிதைக்கும் கே.பி.சி. நொதியம் இருந்தது, 2001இல் அது உலகுக்குத் தெரிந்தது.

மருத்துவமனைக்கு மிகவும் ஆபத்தானது அடுத்த படி. இந்த நொதியங்களை உருவாக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் பாக்டீரியாவின் குரோமோசோமில் இல்லாமல், பிளாஸ்மிட் என்ற சிறு வட்ட டி.என்.ஏ.வில் இருக்கின்றன. ஒரு மாணவனின் நோட்டைப் பார்த்து வகுப்பே விடை எழுதிக்கொள்வதுபோல, பிளாஸ்மிட்டின் படி ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும், கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ. கோலிக்கு என்று இனம் விட்டு இனமும் தாவும். ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாக இருப்பதால், ஒரு மருந்தைக் கொடுத்தால் மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே நிலைபெறுகிறது.

சென்னையிலிருந்து வந்த எச்சரிக்கை

2008 ஜனவரியில், டெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரின் சிறுநீரிலிருந்து ஸ்வீடனில் ஒரு கிளெப்சியெல்லா கிடைத்தது. அதில் இருந்த புதிய நொதியத்துக்கு என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்-1) என்று பெயரிட்டு 2009 டிசம்பரில் கட்டுரை வெளியானது. அடுத்த ஆகஸ்ட்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராகவும், பிரிட்டனின் திமோத்தி வால்ஷ் உள்ளிட்டோர் இணை ஆசிரியர்களாகவும் எழுதிய ஆய்வு லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்தது. என்.டி.எம்.-1 உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று அது கணக்குக் காட்டியது.

அந்த ஆய்வு சொன்னதைக் கேட்டு, நம் மருத்துவமனைகளில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். ஆனால் நொதியத்துக்கு டெல்லியின் பெயரை வைத்தது சரியா, இது நம் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதியா என்ற சர்ச்சையே மேலோங்கியது. பெயர் வைத்தது தவறு என்று லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் வருத்தமும் தெரிவித்தார். அந்த மனத்தாங்கலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பெயரைத் திருத்துவதால் கிருமி குறையாது. 2011 ஏப்ரலில் வால்ஷின் குழு வெளியிட்ட இன்னோர் ஆய்வில், டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்க் குடிநீரின் 50 மாதிரிகளில் இரண்டிலும் என்.டி.எம்.-1 மரபணு இருந்தது.

சென்னை மருத்துவர்கள் வாளாவிருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2012 ஆகஸ்ட்டில் இந்தியாவின் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, மருத்துவர் அப்துல் கஃபூரின் ஒருங்கிணைப்பில், ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் கட்டுப்படுத்த ஒரு திட்டம் வகுத்தன. அதுவே சென்னைப் பிரகடனம். ஒரே நாளில் எல்லாவற்றையும் தடை செய்யாமல், நம் நாட்டில் நடைமுறைப்படுத்தக்கூடிய அளவில் படிப்படியாகக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டும் என்பதே அதன் அணுகுமுறை. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை அந்தத் திசையில் வைத்த ஓர் அடி. கார்பாபெனெம் உள்ளிட்ட 46 மருந்துகளை விற்கும் கடைக்காரர், யார் எழுதிக் கொடுத்தார், யார் வாங்கினார் என்று தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது அது. 2017இல் தேசியச் செயல்திட்டம் வந்தது. 2019இல், கோழி வளர்ப்பில் தீவனத்தோடு கலந்துகொண்டிருந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் கொடுக்க மத்திய அரசு தடை விதித்தது.

ஐ.சி.யு. படுக்கையருகே

வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளியை நினைத்துப் பாருங்கள். மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய். கழுத்தின் பெரிய சிரைக்குள் ஒரு குழாய். சிறுநீர்ப்பைக்குள் ஒரு கதீட்டர். இருமலும் தோலும் சிறுநீர் ஓட்டமும் கிருமியைத் தடுக்கும் இயற்கைக் காவல்கள். மூன்று குழாய்களும் அந்த மூன்று காவல்களையும் தாண்டி உள்ளே போகின்றன. நோயாளி பிழைக்க அவை வேண்டும். ஆனால் அவை இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது.

செவிலியர் ஒருவர் சிறுநீர்ப் பையைக் காலி செய்கிறார். பக்கத்துப் படுக்கையில் இன்ஃபியூஷன் பம்ப் அலறுகிறது; ஓடிப்போய் அதன் பொத்தானை அழுத்தி, கழுத்துச் சிரைக்குழாயின் மூடியைத் திறந்து மருந்து ஏற்றுகிறார். இடையில் கையில் ஆல்கஹால் திரவம் தேய்க்க அரை நிமிடம் கூட ஆகாது. அந்த அரை நிமிடம் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் அலட்சியம் காரணமில்லை. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது முறை. ஒரே செவிலியர் மூன்று நான்கு பேரைப் பார்க்கும் இடத்தில், கை கழுவும் நேரம்தான் முதலில் பறிபோகிறது. குழாயை எடுத்துவிடலாமா என்று தினமும் காலையில் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியும் அப்படித்தான் விடுபடுகிறது.

இப்படிப் பரவுவதன் கொடுமை பச்சிளங் குழந்தைகளிடம் தெளிவாகத் தெரிகிறது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. குழந்தைகளின் இரத்தத் தொற்றுகளில் மூன்றில் இரண்டு பங்கு, பிறந்து 72 மணி நேரத்துக்குள் வந்தவை. முதலிடத்தில் இருந்த அசினெட்டோபாக்டரில் 82 சதவீதமும், கிளெப்சியெல்லாவில் 54 சதவீதமும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. அந்தக் குழந்தைகள் மருந்துக்கடைக்குப் போய் எந்த மாத்திரையும் வாங்கியதில்லை. பாதியில் எதையும் நிறுத்தியதுமில்லை. மருத்துவமனையில் பிறந்தார்கள், அவ்வளவுதான்.

மருந்து மிகுதி, மருந்தில்லாமை

தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22இல் இருபது பெரிய மருத்துவமனைகளில் 9,652 நோயாளிகளின் மருந்துச்சீட்டுகளைப் பார்த்தது. 71.9 சதவீதத்தினர் ஆன்டிபயாடிக் பெற்றுக்கொண்டிருந்தார்கள். எழுதப்பட்டவற்றில் பாதிக்கு மேல், 55 சதவீதம், தொற்று வந்துவிடக் கூடாதே என்று முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கப்பட்டவை. எந்தக் கிருமி என்று சோதனையில் உறுதிசெய்து எழுதியது சுமார் ஆறு சதவீதமே.

இந்த ஆறு சதவீதத்துக்குப் பின்னால் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது, அல்லது இல்லை. ஆன்டிபயாடிக் ஏற்றும் முன் இரத்தம் எடுத்து, கல்ச்சர் பாட்டிலில் விட்டு, வளரும் கிருமியைத் தட்டில் பரப்பி, அதன் மேல் மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை வைத்து மறுநாள் பார்க்கிறார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத தெளிந்த வட்டம் விழும். மருந்துக்கு அடங்காத கிருமி வில்லையின் விளிம்பு வரை வளர்ந்து நிற்கும். முடிவு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை மருத்துவர் ஊகத்தின்மேல் மருந்து கொடுத்தாக வேண்டும். இரத்தத்தில் தொற்றுள்ளவருக்குக் காத்திருக்க நேரமில்லை. ஆனால் கல்ச்சருக்கு அனுப்பாமலே ஊகித்தால், மூன்றாம் நாள் மருந்தைக் குறைக்கவோ மாற்றவோ எந்த ஆதாரமும் கையில் இருக்காது. கார்பாபெனெம் வகையைச் சேர்ந்த மெரோபெனெமில் தொடங்கியது மெரோபெனெமிலேயே தொடரும்.

மறுபக்கத்தில், உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்குச் சரியான மருந்து கிடைப்பதில்லை. இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளை ஆராய்ந்து 2025இல் வெளியான ஓர் ஆய்வு, 2019இல் அங்கே கார்பாபெனெமுக்கு அடங்காத கிராம்-நெகட்டிவ் (கிளெப்சியெல்லா, ஈ. கோலி போன்ற) பாக்டீரியாத் தொற்றுகள் ஏறத்தாழ 15 லட்சம் என்று மதிப்பிட்டது. பொருத்தமான மருந்து கிடைத்தது 6.9 சதவீதத்தினருக்கு மட்டுமே, இந்தியாவில் 7.8 சதவீதம். எனவே மருந்தைக் குறை என்று மட்டும் சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநீதி. வேண்டாதவருக்கு நிறுத்துவதும் வேண்டியவருக்குக் கொடுப்பதும் ஒரே சோதனைக்கூடத்தின் இரண்டு வேலைகள்.

கைவசம் உள்ள மருந்துகளும் எளிதானவை அல்ல. கொலிஸ்டின், சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் பெரிதும் ஒதுக்கப்பட்ட பழைய மருந்து. வேறு வழியில்லாமல் திரும்ப வந்தது. 2015 நவம்பரில், கொலிஸ்டினுக்கான எதிர்ப்பையும் பிளாஸ்மிட் மூலம் பரப்பும் எம்.சி.ஆர்.-1 மரபணு சீனாவில் கண்டறியப்பட்டது. புதிய மருந்தான செஃப்டாசிடைம்-அவிபேக்டம் கே.பி.சி.யை அடக்கும்; இந்தியாவில் மிகுந்துள்ள என்.டி.எம்.மை அடக்காது. அதனால் அதோடு அஸ்ட்ரியோனாம் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்ற செஃபெபிம்-என்மெடாசோபேக்டம் கூட்டில், என்மெடாசோபேக்டம் சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கார்பாபெனெமைக் கையில் எடுக்காமலே பல தொற்றுகளைக் குணப்படுத்த அது உதவும். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் படுக்கைக்குப் படுக்கை கிருமி போய்க்கொண்டிருக்கும் வார்டில், புதிய மருந்துக்கும் பழைய மருந்தின் கதியே நேரும்.

தடுத்துக் காட்டியவர்கள்

தடுக்க முடியும் என்பது நம்பிக்கை மட்டுமல்ல, செய்து காட்டியிருக்கிறார்கள். 2006இல் இஸ்ரேல் மருத்துவமனைகளில் கே.பி.சி. கிளெப்சியெல்லா பரவியது. 2007 மார்ச் முடிவில் 27 மருத்துவமனைகளில் 1,275 பேருக்கு அது வந்திருந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னளவில் முயன்று தோற்றபின், சுகாதார அமைச்சகம் நாடு முழுமைக்கும் ஒரே ஆணை பிறப்பித்தது. கிருமி உள்ளவர்களைத் தனியே வைக்க வேண்டும். அவர்களைப் பார்க்கும் செவிலியர்கள் மற்றவர்களைப் பார்க்கக் கூடாது. எத்தனை பேர் என்று தினமும் கணக்கு அனுப்ப வேண்டும். நிபுணர் குழு ஒன்று மருத்துவமனைகளுக்கு நேரில் போய்ப் பார்த்தது. ஒரு லட்சம் படுக்கை நாட்களுக்கு 55.5 என்றிருந்த மாதாந்தர எண்ணிக்கை 2008 மே மாதத்தில் 11.7ஆக இறங்கியது. இதைச் சாதித்தது எந்தப் புதிய மருந்தும் அல்ல.

இங்கிலாந்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. இரத்தத் தொற்றுகளை ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் அறிவிக்க வேண்டும் என்பது 2001இல் கட்டாயமானது. எண்ணிக்கைகள் மக்கள் பார்வைக்கு வந்தன. 2008க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2004இல் அரசு இலக்கு வைத்தது, அது எட்டப்பட்டது. இரு நாடுகளிலும் பொதுவாக இருந்தவை மூன்று: எண்ணினார்கள், எண்ணியதை மறைக்கவில்லை, பொறுப்பை மேலிடம் ஏற்றுக்கொண்டது.

நம்மால் ஆகுமா?

படுக்கைக்கு மேல் நோயாளிகள் நிறைந்திருக்கும் அரசு மருத்துவமனையில் தனி அறை ஏது, சுவர் எழுப்ப இடம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெதஸ்டா செய்ததை எல்லாம் நாம் செய்ய முடியாது. ஆனால் மிகுந்த பலன் தரும் வேலைகள் விலை குறைந்தவை. கைக்குத் தேய்க்கும் திரவத்தை எத்தனால், கிளிசரால், ஹைட்ரஜன் பெராக்சைடு, காய்ச்சி ஆறிய நீர் கொண்டு மருத்துவமனையின் மருந்தகத்திலேயே தயாரிக்க உலக சுகாதார நிறுவனம் செய்முறை தந்திருக்கிறது. அது படுக்கைக்குப் படுக்கை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தனி அறை இல்லாவிட்டால், கிருமி உள்ளவர்களை வார்டின் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்துத் தனிச் செவிலியரை ஒதுக்கலாம். குழாய்களை எடுக்கலாமா என்று தினமும் பார்க்க ஒரு தாள் போதும். செலவு பிடிப்பவை இரண்டு: செவிலியர் எண்ணிக்கையும் நுண்ணுயிரியல் சோதனைக்கூடமும். இவற்றில் சிக்கனம் பார்த்தால், மிச்சப்படுத்திய பணத்தைவிடப் பல மடங்கு கடைசிக்கட்ட மருந்துகளுக்குப் போகும். தனியார் மருத்துவமனையில் அந்தச் செலவு குடும்பத்தின் நகையிலிருந்தும் நிலத்திலிருந்தும் வருகிறது.

எண்ணுவதிலும் நாம் புதியவர்கள் அல்ல. பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ஆராயும் வழக்கத்தை 1990களிலேயே தொடங்கிய மாநிலம் தமிழ்நாடு. எந்தக் கட்டத்தில் என்ன தவறியது, இரத்தம் கிடைத்ததா, வண்டி வந்ததா என்று கேட்டுக் கேட்டுத்தான் தாய்மரணம் இங்கே குறைந்தது. சிரைக்குழாய் வழியாக வரும் இரத்தத் தொற்று ஒவ்வொன்றையும் அதே அக்கறையோடு ஏன் கேட்கக் கூடாது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் நடத்தும் கண்காணிப்பு வலையமைப்பில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன. எண்ணத் தெரிந்தவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். அந்தக் கண்காணிப்பு பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளையே சார்ந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் நடுத்தரத் தனியார் நர்சிங் ஹோமிலும் என்ன நிலை என்பது பொதுமக்கள் கண்ணுக்கு வருவதில்லை.

2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததற்கு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணம் என்று 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. 2025க்கும் 2050க்கும் இடையில் 3.9 கோடிப் பேர் இப்படி இறப்பார்கள் என்கிறது அதன் தொடர்ச்சி. இந்த எண்களைக் கேட்டு அஞ்சுவதோடு நின்றால் பயனில்லை. மருத்துவமனையின் தொற்று எண்ணிக்கையை, அரசோ தனியாரோ, ஆண்டுதோறும் வெளியிடச் சட்டம் வேண்டும். உண்மையைச் சொல்லும் மருத்துவமனையைத் தண்டிக்காமல், மறைக்கும் மருத்துவமனையைத் தண்டிக்கும் சட்டமாக அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் பூஜ்யம் என்றே எழுதுவார்கள். ஐ.சி.யு.வில் சேர்க்கப்பட்டவரின் குடும்பத்தார், கல்ச்சர் அனுப்பியாகிவிட்டதா, இந்தக் குழாய் இன்னும் தேவையா என்று கேட்கத் தயங்கக் கூடாது. மருத்துவர்கள் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. குணமாக வந்த இடத்தில் புதிய நோய் தொற்றாமல் காப்பது, அறுவைசிகிச்சையையும் மருந்தையும் போலவே, நோயாளிக்கு உரிய சிகிச்சையின் ஒரு பகுதி. அதை உரிமையாகக் கேட்கும் நாள் வரை, மருத்துவமனைகள் அதைக் கடமையாக எண்ணப் போவதில்லை.